வீனஸுக்குக் கட்டிய திரை

எண்பதுகளில் அகதியாக மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஓர் ஓவியப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. எடுத்துத் தந்தவர், மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்து என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை ஒருவர். அவருக்கும் அங்கேதான் வேலை. "உனக்கு நான்தான் பொறுப்பு நிண்டனான். வாயை மூடிக்கொண்டிரு" என்று மெற்றோ ரயிலிலேயே சொல்லிவிட்டார்.

மாணவர்கள் பார்த்து வரையும் கூடத்தில் ஆளுயர வெள்ளைச் சாந்துச் சிலை ஒன்று நின்றது. உடம்பில் ஒட்டுத் துணியில்லை.

"ஆரண்ணை இவா?"

"வீனஸ். ரோமாபுரிக்காரரின்ர அழகுத் தெய்வம். குளிச்சிட்டு வரேக்கை ஆரோ பாத்திட்டினமாம், அதுதான் கையால மறைக்கிறா. மெதுவாத் தூசி துடை."

"நீங்கள் எத்தினை நாளாத் துடைக்கிறியள்? அக்காவுக்குக் கடிதம் போடட்டோ?"

"போடா விசரா!" சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனார்.

தனியே நின்று கழுத்துவரை துடைத்தேன். அதற்குக் கீழே கை இறங்கவில்லை. ஊரில் அம்மனுக்குச் சேலை மாற்றும்போது திரையை இழுத்துவிடுவார்கள். ஐயரைத் தவிர ஒருவரும் பார்க்கமுடியாது. மூலையில் கிடந்த விரிப்பொன்றை எடுத்து, படம் வைத்து வரையும் இரண்டு மரத்தாங்கிகளுக்கு நடுவே கட்டினேன். உள்ளே போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு துடைத்தேன்.

சட்டென்று திரை விலகியது. மேற்பார்வை பார்க்கும் மதாம். பின்னால் மாணவர்கள். என் கை தெய்வத்தின் தொடையில்.

"மொன் டியூ!" கடவுளே என்று கத்தினார்.

திரைக்குப் பின்னால் நான் என்ன செய்ததாக அவர் நினைக்கிறார் என்பது அந்தச் சிவந்த முகத்தில் விளங்கியது. என் வேலை போகும், அண்ணையின் வேலையும் போகும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான்.

அண்ணை ஓடிவந்தார். "டேய், என்னடா செய்தனி?"

"அவாவுக்கு வெக்கமெல்லோ அண்ணை. கோயில்ல மாதிரித் திரை போட்டனான்."

அதைச் சொல்ல அண்ணையின் பிரெஞ்சும் போதவில்லை. "மதாம்... மதாம்..." என்று திணறினார். வேறு வழியில்லாமல் நானே ஒரு கையை நெஞ்சிலும் மற்றதைக் கீழேயும் வைத்து, தலை குனிந்து, வீனஸைப் போலவே நின்று காட்டினேன். பிறகு கும்பிட்டேன். திரை இழுப்பதுபோலச் செய்தேன்.

மாணவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். மதாம் சிரிக்கவில்லை. சிலையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அண்ணையிடம் ஏதோ சொன்னார்.

"கண்ணைத் திறந்துகொண்டு துடைக்கட்டாம். இல்லாட்டிச் சிலையின்ர விரல் உடைஞ்சு போமாம்."

மதாமே திரையை இழுத்து மூடிவிட்டு, மாணவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

காது சுட நான் உள்ளே நின்றேன். திரைக்கு அப்பாலிருந்து அண்ணை கேட்டார்: "கொம்மாவுக்குக் கடிதம் போடட்டோடா?"

கண்ணைத் திறந்து, வீனஸின் தோளிலிருந்து தொடங்கினேன்.