சாமி பாதத்தில் இன்னொரு சாவி

காரின் பக்கத்தில் போகாமலேயே அதை ஸ்டார்ட் செய்யலாம் என்று ஷோரூமில் சொன்னபோது, அப்படியொரு தேவை என் வாழ்க்கையில் இதுவரை வந்ததே இல்லை என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. சாவியில் ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்தால் வண்டி தானாக உறுமி, ஏசியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நம்மை எதிர்பார்த்து நிற்கும். வராவிட்டால் கோபிக்காமல் அணைந்துவிடும். இவ்வளவு மரியாதையாக எனக்குக் காத்திருந்த வேறு ஜீவன் கிடையாது. வாங்கிவிட்டேன்.

அண்ணன் அப்போது தோவாளைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தார். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, கம்பி வைத்து, காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதினி காலமாகிவிட்டார், மகன் கல்ஃபில். கார் ஷெட்டை ஒட்டிய அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம். அந்த அறைக்கு இரண்டு ஜன்னல். மேற்கே திறந்தால் வயல், வடக்கே திறந்தால் ஷெட்.

வண்டி வந்த அன்று அவர் கட்டிலருகில் நின்று பொத்தானை அழுத்திக் காட்டினேன். ஜன்னலுக்கு அப்பால் வண்டி உறுமியது.

"தொடாம ஸ்டார்ட் பண்ணுகது இருக்கட்டும்டே," என்றார் அண்ணன். "தொடாம ஓட்டுக வண்டி வந்தப்பொறம் சொல்லு. நானும் ஒண்ணு வாங்குகேன்."

வண்டிக்கு இரண்டு சாவி. ஒன்று என் வேட்டி மடியில். இன்னொன்றை என் மனைவி முதல் நாள் பூஜையிலேயே சாமி பாதத்தில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் புதுச் சந்தனம், குங்குமம். பூஜை அலமாரி இருந்தது ஷெட்டின் மறுபக்கச் சுவரில்.

பிறகு ஆடி வந்தது. எங்கள் ஊரில் ஆடிக்காற்று வீசுவதில்லை, குடியேறுகிறது. கணவாயில் நுழைந்து வயலைப் படுக்கவைத்துவிட்டு நேராக வீட்டுக்குள் வரும். அது தலையில் ஏறினால் மனிதன் தேறமாட்டான் என்பது இங்கே படித்தவன், படிக்காதவன், டாக்டர் எல்லோருக்கும் பொதுவான மருத்துவம். அண்ணன் அறையின் மேற்கு ஜன்னலை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டு, இடுக்குகளில் துணி திணித்தோம். முடியாத மனிதருக்குக் கொஞ்சம் காற்றும் வேண்டுமே என்று ஷெட் ஜன்னலைத் திறந்து வைத்தோம். ஷட்டர் இறங்கியிருப்பதால் அங்கே தூசி வராது. எல்லோருக்கும் இது நல்ல ஏற்பாடாகப் பட்டது. யோசனை என்னுடையது.

ஒருநாள் செருப்பைத் தேடிக் குனிந்தேன், ஷெட்டில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

"வயிறு அமுக்கியிருக்கும்," என்றாள் மனைவி. "அந்த மடியில சாவி வச்சா அது என்ன செய்யும் பாவம்."

என் தொப்பையின் ஆற்றலை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை. சாவியைச் சட்டைப்பைக்கு மாற்றினேன். இரண்டு நாள் கழித்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது மறுபடியும் உறுமியது. ஆணிக்குத் தொப்பை கிடையாது. நாங்கள் இருவரும் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு காலையில் பல் தேய்க்குமுன் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. சில நாள் குளிர்ந்திருக்கும். சில நாள் காய்ச்சல்காரன் நெற்றிபோல் இருக்கும். முற்றத்துப் பூனை ஷட்டருக்கு அடியில் புகுந்து அதன்மேல் படுத்திருப்பதைப் பார்த்து, புது வண்டிமீது அதற்கும் ஆசை என்று நினைத்தேன். ஆடியில் அது சூட்டைத் தேடி வந்திருக்கிறது என்று தோன்றவில்லை. காற்றின் இரைச்சலில் எஞ்சின் சத்தம் மாடியில் தூங்கும் எங்களுக்குக் கேட்டதும் இல்லை.

அண்ணன் தலை கனக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். காலையில் ஓங்கரிப்பு. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போவார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: காத்து தலையில ஏறியாச்சு. மேற்கு ஜன்னல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் துணி திணித்தேன்.

அப்புறம் வண்டிக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. சாவிக்குள்ளேயே கோளாறாம். யாரும் அழுத்தாமலே அழுத்தியதாக அது நினைத்துக்கொள்கிறதாம். இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் சாவியை இலவசமாக மாற்றித் தருகிறார்கள். வண்டி வேண்டாம், சாவிகள் போதும். மாற்றும்வரை வண்டியை மூடிய இடத்தில் நிறுத்தக் கூடாது.

சாவியே என்னோடு நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வரும்போது வண்டி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

"சாவிகள்னுல்லா சொன்னாவ," என்றேன் மனைவியிடம். "சாமிகிட்ட இருக்கதையும் எடுக்கணும்."

"வெள்ளிக்கிழமயும் அதுவுமா சாமி பாதத்தில இருக்கத எடுத்து வெளிய குடுப்பாங்களா? அது சும்மாத்தானே கிடக்கு. நாளைக்குக் கொண்டு போங்க."

அன்றைய சந்தனத்தை வைத்துவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போனாள். அண்ணனால் எழுந்துவந்து கதவு திறக்க முடியாது என்பதால் வழக்கம்போல் முன்வாசலை வெளியே பூட்டிக்கொண்டு நானும் பஸ் ஏறினேன்.

சர்வீஸ் சென்டரில் என் சாவியைப் பிளந்து பேட்டரியை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். அப்போது அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"வந்தாச்சா?"

"எங்க?"

"வீட்டுக்கு. வண்டிச் சத்தம் கேக்குல்லா."

"நான் நாகர்கோயில்ல இருக்கேன், அண்ணே."

"அப்பம் வண்டில யாரு இருக்கா?"

மேஜைமேல் இரண்டு துண்டாகக் கிடந்த சாவியைப் பார்த்தேன்.

"அண்ணே, அந்த ஷெட்டு ஜன்னல அடைங்க."

"கை எட்டாதுடே. காலத்தேருந்து பல தடவ ஓடியாச்சு, நின்னாச்சு. நீதான் என்னமோ செய்யுகன்னு கிடந்தேன். சீணமா இருக்கு. கொஞ்சம் கண்ண மூடுகேன்."

"மூடாதிய. அண்ணே."

பதில் இல்லை. போன் மட்டும் திறந்தே இருந்தது. அதில் எஞ்சின் சத்தம் கேட்டது. பிசிறில்லாமல், சீராக. நல்ல வண்டி. அந்தச் சத்தத்தை நானே துண்டித்துவிட்டு எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் சந்தைக்குப் பூ கட்டிக் கொடுப்பவர், பகலில் வீட்டிலேயே இருப்பார்.

"அக்கா, எங்க மேற்கு ஜன்னல் கண்ணாடிய ஒடைங்க."

"என்னது தம்பி?"

"அண்ணன் உள்ள கிடக்காரு. ஷெட்டுல வண்டி ஓடுகு, புகை."

"வண்டிய நீங்கல்லா கொண்டு போயிருப்பிய?"

"கல்லெடுத்து எறிங்க அக்கா."

"ஆடிக்காத்துல்லா தம்பி. முடியாத மனுசனுக்கு மூஞ்சியில அடிச்சா..."

"ஒடைங்க."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஊர் எல்லை தாண்டியதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். "காத்து வண்டியப் பொரட்டிரும் சார்." இருபுறமும் நெற்பயிர் ஒரே திசையில் தலைகுனிந்து கிடந்தது. மனைவிக்குப் போன் அடித்தேன், வகுப்பில் இருப்பாள், எடுக்கவில்லை. எந்த நெருக்கடியிலும் ஒரு வேடிக்கையாவது எனக்குத் தோன்றிவிடும். அன்று ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஷட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. காற்றா, எஞ்சினா என்று தெரியவில்லை. உள்ளங்கையை வைத்தேன். காற்று இல்லை. பூட்டைத் திறந்து தூக்கியதும் வெந்த நெடி முகத்தில் அடித்தது. வண்டி விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. இருக்கைகளில் யாரும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் பின்சீட்டைப் பார்த்தேன்.

வீட்டைத் திறந்து அறைக்குள் ஓடினேன். மேற்கு ஜன்னலில் பெரிய ஓட்டை. அதற்கு அப்பால் தலைமுடி பறக்க, கையில் அம்மிக்குழவியோடு அக்கா நின்றிருந்தார். காற்று அறைக்குள் புகுந்து காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தது. போர்வைமேல் கண்ணாடிச் சில்லுகள். அண்ணன் வாய் திறந்து கிடந்தார்.

தோளைப் பிடித்து உலுக்கினேன். அண்ணே, அண்ணே என்றேன். அசைவில்லை.

"பேரச் சொல்லி விளிங்க தம்பி," என்றார் அக்கா ஓட்டை வழியாக. "பேரு கேட்டாத்தான் திரும்பி வருவாரு."

பிறந்ததிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டேன். மறுபடியும், இன்னும் சத்தமாக. காற்று அதை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று.

நெற்றி சுருங்கியது. கண் பாதி திறந்தது.

"ஏலே," என்றார். "ஆரப் பேரச் சொல்லி விளிக்க நீ?"

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண் மெதுவாகத் திரும்பி உடைந்த கண்ணாடியில் நின்றது.

"அந்த ஜன்னல அடை. காத்து தலையில ஏறிரும்."

அடைக்கவில்லை. ஷெட்டில் வண்டி தன் நேரம் முடிந்து தானாக அணைந்தது. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அக்காவை உள்ளே வந்து அண்ணன் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டுப் பூஜை அலமாரிக்குப் போனேன். சாவியில் சந்தனம் ஈரமாகவே இருந்தது. வெள்ளிக்கிழமைதான். எடுத்தேன்.

திரும்பும்போது ஷெட்டில் வண்டி மறுபடியும் உறுமியது. சாவி என் உள்ளங்கையில் இருந்தது. என் விரல் எதுவும் அதன்மேல் இல்லை.

அக்காவிடமிருந்து குழவியை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.