பின்வரிசையைக் காணோம்

என் வாழ்க்கையில் பொறுமைக்காக என்னைப் பாராட்டியது ஒரே ஒரு முறைதான். அதுவும் நான் பதறியடித்துச் செய்த ஒரு காரியத்துக்காக.

அப்போது எனக்குப் பத்து வயது. சக்குபள்ளத்தில் அப்பாவுக்கு ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை கிடைத்து, நாங்கள் கம்பத்திலிருந்து மலையேறி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு மலையாளம் சுத்தமாக வராது. என்னைவிட எட்டு வயது மூத்த அக்காவுக்கு நன்றாகவே வந்துவிட்டது. கற்றுக்கொண்டதெல்லாம் அவள் போனில் இருந்த பேண்டு செட் விளையாட்டில் கூட ஆடுபவர்களோடு பேசித்தான்.

அதில் நாற்பது பேர் சிவப்புக் கோட்டுப் போட்டு நிற்பார்கள். முன்னால் குழல்காரர்கள், கடைசி வரிசையில் எட்டு டிரம்காரர்கள். நாம் வாசிக்க ஒன்றும் கிடையாது. அவர்களைப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு திருப்பம் படிய அரை நாள் ஆகும். அவசரப்பட்டால் அணிவகுப்பு அன்று கால் பின்னி விழுவார்கள். மற்றவர்கள் வாரம் ஒரு பாட்டு மாற்றிப் புள்ளி அள்ளிக்கொண்டிருக்க, அக்கா மூன்று மாதமாக ஒரே ஒரு வலப்பக்கத் திருப்பத்தைப் பழக்கினாள். ஸ்டோரில் ஏலக்காய் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் விளையாட்டா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவளுக்குக் கூட்டு, கட்டப்பனையில் ஒரு மலையாளச் சேச்சி. நேரில் பார்த்ததில்லை, போனில் வரும் குரல் மட்டும்தான். இரண்டு அணியும் சேர்ந்து நடக்கும். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பெரிய மைதானத்துக்குப் போகலாம்.

அந்த அணிவகுப்பு ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்து வாய்த்தது. அன்றைக்கே அக்காவுக்குக் கோட்டயத்தில் நர்சிங் சீட்டுக்கு இன்டர்வியூ. போன வருடம் கிடைக்கவில்லை. இந்த வருடமும் இல்லையென்றால் ஸ்டோரில் காய் பொறுக்கத்தான் போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. எனக்கு நான்கு மணிதான் கவலை.

முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவின் பட்டன் போனை எடுத்துக்கொண்டாள்.

"எல்லாம் செட் பண்ணிட்டேன், தானா நடக்கும். போன் அணைஞ்சா ஆட்டம் போச்சு. அப்பப்ப ஓரத்துல விரல வையி. வேற எதையாச்சும் தொட்ட, கைய ஒடிச்சுருவேன்."

நான்கு மணிக்குச் சற்று முன் சேச்சியின் குரல் வந்தது. என்னென்னவோ சொல்லிவிட்டு, கடைசியில் தெளிவாக, "எந்நா பின்னெக் காணாம், கேட்டோ" என்று சொல்லிப் போய்விட்டாள்.

பின்னே காணோமாம்! திரையில் பார்த்தேன். நிஜமாகவே கடைசி வரிசையைக் காணவில்லை. அந்த இடத்தில் புள்ளிக் கணக்குக் காட்டும் பட்டைதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அணி நடக்கத் தொடங்கிவிட்டது. எட்டு டிரம்காரர்களையும் விட்டுவிட்டு மற்றவர்கள் பாட்டுக்குப் போகிறார்களே என்று பதறி, அணி ஒன்றுக்கு ஒரே முறை அமுக்கக்கூடிய 'நில்' பொத்தானை அமுக்கிவிட்டேன். பின்தங்கியவர்கள் வந்து சேரட்டுமே என்றுதான்.

எங்கள் அணியும் நின்றது, சேச்சியின் அணியும் நின்றது. மற்ற அணிகள் விறுவிறுவென்று எங்களைத் தாண்டிப் போயின. மூன்று மாத உழைப்பைத் தொலைத்துவிட்டேன் என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓரத்தில் விரல் வைத்தேன், போன் அணைந்துவிடக் கூடாதே.

தாண்டிப் போனவர்கள் அத்தனை பேரும் வளைவில் ஒரே நேரத்தில் முட்டி மோதியதில் குழல்கள் உருண்டன, விழுந்தவர்களுக்குப் புள்ளியும் போனது. அவர்கள் எழுந்து நகர்ந்த பிறகுதான், நிற்கும் நேரம் முடிந்து, எங்கள் ஆட்கள் மறுபடி நடந்தார்கள். வளைவில் ஒரு கால்கூடப் பின்னாமல் வலப்பக்கம் திரும்பினார்கள். மூன்றாவது இடம், பெரிய மைதானம்! கடைசிப் படத்தில் அந்தப் பட்டை மறைந்து, டிரம்காரர்கள் எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். போன உயிர் திரும்பி வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா வந்தாள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "கெடச்சிருச்சுடி!" என்று அழுதாள், சிரித்தாள்.

"ஆமாக்கா, மூணாவது எடம்," என்றேன். இவளுக்கு அதற்குள் யார் சொன்னது என்று சின்ன ஏமாற்றம்.

சேச்சி அனுப்பியிருந்த குரலை அக்கா போட்டுக் கேட்டாள். "ஆ நில்ப்பு கலக்கி! எந்தொரு க்ஷம!" அப்படி நின்றது பிரமாதம், என்னே பொறுமை என்கிறாளாம். யாருடைய பொறுமை என்று அக்கா என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"லூசு! பின்னேன்னா அப்புறம். காணாம்னா பாக்கலாம். அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"அப்ப யாரும் காணாமப் போகலையா?"

"யாரும் எங்கயும் போகலடி."

அன்று நிம்மதியாகச் சாப்பிட்டு, அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கினேன். வாசலில் அவள் கிடைத்துவிட்டது என்றது எதை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த மாதம் குமுளியில் கோட்டயம் பஸ் ஏறிய அக்கா, ஜன்னல் வழியாக, "பின்னெக் காணாம்" என்று கையாட்டினாள். அர்த்தம் தெரிந்த பெருமையில் நானும் அதையே கத்திவிட்டு, துள்ளிக்கொண்டு வீடு திரும்பினேன்.