வராந்தாவுக்காகக் கவுன்சிலர் ஆனவன்

கவுன்சிலராக உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே என்னை வெளியே அனுப்பினார்கள். மலேசியாவின் ஜொகூரில், செடெனாக்கிலிருந்து காரில் போய்விடும் தூரத்தில் ஒரு சிறு ஊர். பெயர் வேண்டாம், ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

1. ஏன் உள்ளே போனேன்

இருபது வருடத்துக்கு மேல் ஆர்க்கிடெக்ட் வேலை. பெரும்பாலும் கடைவீடுகள். மனசாரப் போட்ட பிளான் ஒன்றே ஒன்று: எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி மண்டபம். சுற்றிலும் பன்னிரண்டு அடி வராந்தா. பள்ளி விடும் நேரம் பார்த்துத்தான் அங்கே மழை கொட்டும். பிள்ளைகளும் கூட்டிப்போக வந்த அம்மாமாரும் நனையாமல் நிற்கட்டும் என்று வரைந்தது.

பிளான் நகராண்மைக் கழகத்தில் ஒரு வருடம் தூங்கியது. கட்சிக் கிளைத் தலைவர் முத்தையா வழி சொன்னார்:

"நீங்களே கவுன்சிலரா வந்துடுங்கண்ணே. உள்ள ஆள் இருந்தா எந்தப் பிளானும் தூங்காது லா."

மாணவனாக இருந்தபோது வாசித்த விக்டோரியா காலத்துக் கட்டடக்கலைஞர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பகலில் பிளான் போடுவார். சாயங்காலம் நகரமன்றத்தில் அதற்கு அவரே கை தூக்குவார். எனக்குக் குறை அவர் வைத்திருந்த தாடி மட்டும்தான் என்று நினைத்தேன். இங்கே கவுன்சிலருக்குத் தேர்தல் கிடையாது, நியமனம்தான்; கட்சி என் பெயரைக் கொடுத்தது. பூப்போட்ட புது பாத்தேக் சட்டையோடு போனேன்.

2. கண்ணாடிக் கதவு

ஏழாவதாக என் மண்டபம் வந்தது. கூட்டத்தை நடத்திய தலைவர் மலாய்க்காரர், தன்மையான மனிதர். "கெலுவார் செகெஜாப் யா," கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று வாசலைக் காட்டினார். தன் பிளான் வந்தால் உறுப்பினர் வெளியேற வேண்டுமாம். அந்த விதித்தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். வாசிக்கத்தான் இல்லை.

கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே வாய்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை. ஒருவர் வராந்தாவின் மேல் விரலை வைத்துச் சுற்றிக்கொண்டு போனார். இரண்டு முறை கழிவறைக்கு ஓடினேன். மூன்றாம் முறை ஓடியது பெண்கள் பக்கம்.

திரும்பி வந்தபோது எட்டாவது பிளான் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது பாஸ், வராந்தா இல்லாமல். கார் நிறுத்த இடம் போதவில்லையாம். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. வராந்தா எதற்கு என்று உள்ளே சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

3. டீச்சர் கேட்டது

தலைமையாசிரியை சரஸ்வதி டீச்சர் பிளானை விரித்துவைத்துப் பார்த்தார்.

"வராந்தா எதுக்குன்னு நீங்க சொல்லலையா சார்?"

"நான் வெளிய நின்னேன் டீச்சர்."

"உங்கள விட்டா அது வேற யாருக்கு சார் தெரியும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். பதவிக்குப் போங்கள், தப்பில்லை. போவதற்கு முன் உங்கள் பிளானை உங்களைப் போலவே எடுத்துச் சொல்ல இன்னொருவரைத் தயார் பண்ணுங்கள். நான் பண்ணவில்லை.

மழை நாளில் பள்ளி விடும் நேரம், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போகிறேன். மண்டபத்தைச் சுற்றிக் கார்கள். அம்மாமார் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். பன்னிரண்டு அடி எதுவரை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதுவரை கண்ணாலேயே ஒரு கூரை போட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கிறேன்.