நான்கு பேருக்கான மேசை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மாமா பஸ்குவலின் கடைக்குத் தனியாக வருகிறவர்கள் கவுன்டரில் நின்றுதான் சாப்பிடுவார்கள். அப்படி யாரும் எழுதிப் போட்டதில்லை. வலென்சியாவில் அந்தப் பத்து மணிச் சாப்பாடு கூட்டமாகச் சாப்பிடுவது. நகரம் முடிந்து காய்கறி வயல்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் கடை இருப்பதால், சைக்கிள்காரர்கள் ஆறு பேர், பத்து பேர் என்று வந்து இறங்குவார்கள். எத்தனை பேர் என்பதை வெள்ளிக்கிழமையே போனில் சொல்லிவிடுவார்கள். போனை எடுப்பதும் நோட்டில் குறிப்பதும் என் வேலை.

லியோனோர் எட்டு மாதமாகக் கவுன்டரின் கடைசி முனையில் நின்றார். அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். அதில் பத்தொன்பது வருடம் ஒரே தடம். ஓய்வு பெற்ற வாரத்திலேயே கூடை வைத்த பழைய பச்சை சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார்.

"இந்த ஊரு எனக்கு அத்துப்படின்னு நெனச்சிட்டிருந்தேன் மகளே. பாத்தா, எனக்குத் தெரிஞ்சது ஸ்டாப்பு மட்டுந்தான். ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல ஒரு சந்து உள்ள போகும்ல, அது எங்க போய் முடியுதுன்னு முப்பத்தொரு வருஷமா தெரியாது."

அதைப் பார்க்கத்தான் தினமும் கிளம்பினார். தண்ணீர் இல்லாத பழைய ஆற்றுப்படுகையில் மரங்களுக்கு நடுவே மிதித்துப் போவார். ஏதாவது ஒரு பாலத்தடியில் மேலேறி, அன்றைக்கு எந்தப் பேட்டை வருகிறதோ அதில் நுழைந்துவிடுவார். பத்ராய்க்ஸ் சதுக்கத்தில் மாடி இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பார். கபன்யாலில் ஒரு வீட்டு முகப்பில் பச்சை ஓடுகள் போதாமல் நடுவில் நான்கு நீல ஓடுகள் பதித்திருக்கிறார்களாம். நசாரெத்தில் ஒரு தெரு துறைமுகச் சுவரில் முட்டி நிற்கிறதாம். அதற்குப் பிறகும் அந்தத் தெருவுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறதாம்.

ஒவ்வொரு பேட்டையிலும் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஒரு கடைக்குள் போவார். எங்கள் ஊர்க் கடைகளில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. உள்ளே வருகிறவர் "கடைசி யாருங்க?" என்று கேட்க வேண்டும். யாராவது "நான்தான்" என்பார்கள். அடுத்து வருகிறவர் கேட்கும்போது நாம் சொல்ல வேண்டும். ஒரு எலுமிச்சம்பழம் வாங்கவும் இதே முறைதான். லியோனோரின் கூடையில் எப்போதும் எலுமிச்சம்பழங்கள் கிடந்தன.

"கடைசி யாருன்னு கேட்டா பதில் சொல்லித்தான ஆகணும்?" என்றார் ஒருநாள். நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு நாலு பேருக்கு ஒரு மேசை. லியோனோர்னு போட்டுக்கோ."

குரல் வேறு மாதிரி இருந்தது. கூட வேலை பார்த்த ஓட்டுநர்கள் மூன்று பேர் வருகிறார்கள் என்று அவரே சொன்னார். "ஒருநாள் எல்லாரும் சேந்து சாப்பிடணும்பா" என்று அவர்கள் போன் குழுவில் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இப்படிச் சொல்வது விடைபெறுவதற்குச் சமம். நாளும் நேரமும் யாரும் குறிப்பதில்லை. லியோனோர் குறித்துவிட்டார். மூன்று பேரும் கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். உதட்டில் சாயம் இருந்தது. ஜன்னலோர மேசையைக் காட்டினேன். ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்பே மேசையில் வைத்துவிடுவது வழக்கம் என்பதால், நான்கு பேருக்கான ஆலிவ் காய்களையும் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலையையும் ஒயினையும் சோடாவையும் கொண்டுவந்து வைத்தேன். அவர் எதையும் தொடவில்லை.

பத்தேகாலுக்குக் கடை நிரம்பிவிட்டது. ஆறு பேர் என்று சொல்லியிருந்த சைக்கிள் கூட்டம் எட்டுப் பேராக வந்தது. அவர்களில் தொந்தி பெருத்தவர் கிகோ. அவர் லியோனோரின் மேசைக்கு வந்தார்.

"அம்மா, இந்த நாற்காலி சும்மாதான இருக்கு?"

"ஆள் வருது."

"இது?"

"அதுக்கும் வருது."

"அப்ப நான் என் வயித்து மேலதான் உக்காரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். லியோனோரும் கொஞ்சம் சிரித்தார்.

பத்தரைக்கு மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். வாசலில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் நின்றிருந்தது.

"அந்தம்மாவோட ஆளுங்க எங்க?"

"போன் பண்ணாங்க மாமா. டயர் பஞ்சராம்."

"மூணு பேருக்குமா?"

"பத்து நிமிஷம் குடுங்க."

"பஞ்சர் ஒட்றவனையும் சேத்து அஞ்சு பேருன்னு எழுதிக்கோ," என்றார். ஆனால் பத்து நிமிடம் கொடுத்தார்.

நான் மேசைக்குப் போனேன். லியோனோர் போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். ஒருவருடைய பேரனுக்குக் காய்ச்சல். இன்னொருவர், "அட, இந்தச் சனிக்கிழமையா?" என்று கேட்டிருந்தார். மூன்றாமவர் செய்தியைப் படித்திருந்தார், பதில் இல்லை.

"காய்ச்சல்னா என்ன பண்ண முடியும்," என்றார் லியோனோர்.

எழுந்து, இரண்டு நாற்காலிகளைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கிகோவின் மேசையருகே போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது எதிரே ஒற்றை நாற்காலி இருந்தது. முட்டைப் பொரியல் வைத்த ரொட்டி கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் மாமா அங்கே போய்விட்டார். மாமா எங்களிடம் பேசுவது வலென்சிய மொழி. ஒருவரை எழுப்பிவிட வேண்டும் என்றால் மட்டும் ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார். அதில் அவருக்கு மரியாதை நன்றாக வரும்.

"மன்னிக்கணும்மா. கொழந்தையோட நிக்கிறாங்க. நீங்க எப்பவும் நிக்கிற எடம் காலியாத்தான் இருக்கு."

"தாராளமா," என்றார் லியோனோர்.

கவுன்டர் முனையில் நின்று பாதி ரொட்டியைச் சாப்பிட்டார். மீதியைக் காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னார். அன்றைக்குப் போன பேட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் அவரிடம் நானாக எதையும் கேட்டதே இல்லை என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவர் வரவில்லை.

நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் வகுப்புக்குப் போகும் வழியில் பெனிமக்லெட்டில் ஒரு ரொட்டிக்கடை வாசலில் பச்சை சைக்கிளைப் பார்த்தேன். உள்ளே ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லோரும் எதிர்ப்பக்கம் பார்த்திருக்க, லியோனோர் கதவருகே நின்று, "கடைசி யாருங்க?" என்று கேட்டார். ஒரு பெண் திரும்பாமலே கையை மட்டும் தூக்கினாள். உள்ளே போய், "அடுத்தது நான்" என்று நான் சொல்லியிருக்கலாம். டிராம் வந்தது. ஏறிவிட்டேன்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மாலை போன் அடித்தது.

"மகளே, நாளைக்கு ஒரு மேசை வேணும்."

"எத்தனை பேர்?" எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒருத்தி."

மாமா பக்கத்தில் பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். "யாரு? எத்தனை?" என்றார். நான் ஒரு விரலைக் காட்டினேன்.

"சனிக்கிழமை ஒத்த ஆளுக்கு மேசையா? உனக்கு வெயில் தலைக்கேறிடுச்சா?"

"கழிவறைப் பக்கம் இருக்கிற சின்ன மேசை மாமா. அதுல யாரும் உக்கார்றதில்ல."

"அங்க ஆள் உக்காந்தா வாளி, தொடப்பம் எல்லாம் எங்க வைக்கிறது?"

"என் தலையில வைங்க," என்றேன். மாமா மறுபடி வெட்டத் தொடங்கினார். போனில் லியோனோர் பொறுமையாகக் காத்திருந்தார். எல்லாமே அவருக்குக் கேட்டிருக்கும்.

"பத்து மணிக்குத்தான?" என்று கேட்டேன். பிறகு, "காலையில எந்தப் பக்கம் போறீங்க?" என்றும் கேட்டேன்.

"பினேடோ கடற்கரை வரைக்கும். பத்தரைன்னு போட்டுக்கோ மகளே. திரும்பறப்ப எதிர்க்காத்து."