காஞ்சிபுரத்துக்குச் சூடாகக் கொண்டுபோன வண்டி

காலை 8.10, தாம்பரம். வீட்டு வாசலில் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, கிளம்பாமல் இருபது நிமிடம் ஓடவிட்டேன். பதினான்கு வருடத்து டீசல் வண்டி. ஆறிக் கிடந்து எழுப்பினால் முதல் ஐந்து நிமிடம் கடகடவென்று சத்தம் வரும், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினாற்போல. சூடேறியதும் அடங்கிவிடும். எங்கள் தெரு மெக்கானிக் கேட்டுப் பார்த்தார். டைமிங் செயின் தளர்ந்துவிட்டது, நழுவினால் ஓடும்போதே எஞ்சின் நின்று மொத்தமும் வீணாகும் என்றார். நான் செயினை மாற்றவில்லை. வண்டியை விற்க ஆள் பார்த்தேன். ஆள் காஞ்சிபுரத்தில் கிடைத்தார்.

படப்பை, ஒரகடம் வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். சாலை அருமை, லாரிகள்தான் பாடாய்ப் படுத்தின. 9.40க்கு வாலாஜாபாத்தில் டீ, பதினைந்து ரூபாய். எஞ்சினை அணைக்காமலே இறங்கிக் குடித்தேன். டீசல் சும்மா எரிகிறதே சார் என்றார் கடைக்காரர். பேட்டரி வீக் என்றேன். அன்றைய முதல் பொய், வாய் கூசாமல் வந்தது.

10.30, பிள்ளையார்பாளையம். சந்து முழுக்கத் தறிச் சத்தம். கார் உள்ளே நுழையாது என்பதால் முனையில் இருந்த பிள்ளையார் கோயில் எதிரே நிறுத்தினேன். வாங்கப் போகிறவர் ஏகாம்பரம், பட்டு நெய்கிறவர். மனைவி வசந்தாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஸ்கூட்டரில் உட்கார முடியவில்லை. வாரம் இரண்டு தடவை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வரத்தான் கார். இதைப் போனிலேயே சொல்லியிருந்தார். தெரிந்துகொண்டேதான் வந்தேன்.

ரஹீம் பாய் என்ற மெக்கானிக்கை அவர் வரவழைத்திருந்தார். பாய் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து இடம் இடமாகக் கேட்டார். சுத்தமாக இருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டுப் பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நீட்டினேன்.

ஏகாம்பரம் சாவியை வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு வரை ராகு காலம். அது முடிவதற்குள் கோயில் நடை சாத்திவிடுவார்கள். நாலரைக்குத் திறந்ததும் பூஜை போட்டு, டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகே சாவி என்றார். ஊரே செய்வதுதான், இதே வண்டியை வாங்கிய அன்று நானும் செய்தேன். சூடாக்குவதிலேயே குறியாக இருந்தவனுக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை. என்ன சாமர்த்தியம் போங்கள்!

மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வசந்தா முருங்கைக்காய் சாம்பார் ஊற்றினார். மூன்று மணிக்கு, வண்டியை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். வெயிலில் அலைய வேண்டாம் என்று ஏகாம்பரம் கோரைப்பாயும் தலையணையும் போட்டு ஃபேனைத் திருப்பி வைத்தார். படுத்தேன், தூக்கம் எங்கே வரும்?

4.45. பானட்டில் சந்தனம், குங்குமம், மேலே மாலை. நான்கு டயருக்கும் முன்னால் நான்கு பழம். வசந்தாவைக் கைத்தாங்கலாக முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். ஏகாம்பரம் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கடகடவென்றது.

பதறி அணைத்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

"சார், நான் எதுனா தப்பா பண்ணிட்டனா?"

பூஜைக்கு வந்திருந்த ரஹீம் பாய் மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். "செயின் சத்தம்பா. காலைல வண்டி சூட்டுல இருந்துது, எனக்குக் கேக்கல. ஆறவச்சுக் கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்."

நான் செய்த தப்பை இரண்டு பேர் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். வசந்தா சீட்டில் இருந்தபடி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சூடாக்கிக் கொண்டுவந்தேன்" என்றேன்.

யாரும் திட்டவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. பாய் பானட்டை மூடிவிட்டுப் போய்விட்டார். வசந்தா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். ஏகாம்பரம் குனிந்து, டயருக்கு முன்னாலிருந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். நான் கிளம்ப வழி வேண்டுமே. ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டினேன். அவர் ஜன்னலருகே வந்தார்.

"வழியில நின்னுடப் போவுது சார். மெதுவா ஓட்டிக்கினு போங்க. வூட்டுக்குப் போனதும் ஒரு போன் பண்ணுங்க."

இரவு 7.15, தாம்பரம். வண்டி நிற்கவில்லை. பானட்டில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, துடைக்கக் கை போகவில்லை. போனும் பண்ணவில்லை. எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். திரையில் பெயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. நல்லபடியாக வந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். அதைச் சொல்ல எனக்கு முகமில்லை.