ஆலாத்திக்குச் சலவைச் சோடா

மிச்சம் என்கிற ஆங்கில ஊரில், எங்கள் வீட்டு வாசலில் அப்பா, அம்மா, பெரியம்மா, கல்யாணக் கோலத்தில் அக்கா, பக்கத்தில் புது அத்தான், நோர்வேயிலிருந்து வந்த மாமி, எட்டு வயதில் நான். ஏழு பேர். மற்றவர்கள் இன்னும் கல்யாண ஹோலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமி அப்பாவின் அக்கா. நோர்வேயின் வடக்கே மீன் வெட்டும் வேலைக்குப் போனவர். புருஷன் செத்த பிறகும் வெட்டினார். வெட்டிக்கொண்டே பாஷை படித்தார், பிறகு இரசாயனம் படித்தார். கடைசியில் அந்த ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுகூடத்துக்கே தலைவி. அந்தக் கதிரையில் இருந்த முதல் பெண் தன் அக்காதான் என்று அப்பா கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். தண்ணீரில் சோதிக்க என்ன இருக்கிறது என்று நான் யோசிப்பேன்.

ஆலாத்தி எடுக்காமல் பொம்பிளை மாப்பிள்ளை படியேறக் கூடாது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விட்டால்தான் சிவக்கும். சுண்ணாம்புப் பேணி என் பொறுப்பு. அதை ஹோலில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"எங்கையடி பேணி?" அம்மா கேட்டார்.

நான் என் வெறுங்கைகளைப் பார்த்தேன்.

"நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் கிடக்கு," என்றார் பெரியம்மா. "இவளைப் போய் நம்பினியே!"

அக்கா குளிரில் நடுங்கினாள். அழப்போகிறாள் என்று தெரிந்தது.

மாமி என்னைக் குசினிக்குள் இழுத்துப்போனார். "உடுப்புத் தோய்க்கிற சோடா எங்கை?"

காட்டினேன். அரைக் கரண்டி எடுத்து, தட்டில் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீரில் போட்டார். கலக்கக்கூட இல்லை. அடியிலிருந்து சிவப்பு எழும்பித் தட்டு முழுக்கப் பரவியது.

"மாமி, நீங்கள் மந்திரக்காரியோ?"

"விசரி. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்பும் காரம், சோடாவும் காரம். கொண்டு ஓடு. குடிச்சுப்போடாதை."

தட்டைப் பார்த்துப் பெரியம்மா கும்பிட்டே விட்டார். "கெட்டிக்காரி மச்சாள்! இனி நீங்கள் உள்ளுக்கை நில்லுங்கோ. குறை நினையாதேங்கோ."

"ஓம், தெரியும்," என்றார் மாமி.

அம்மாவும் பெரியம்மாவும் தட்டைப் பிடித்து மூன்று தரம் சுற்றினார்கள். உள்ளேயிருந்து மாமியின் குரல்: "எல்லாரும் அப்பிடியே நில்லுங்கோ, படம் எடுக்கிறன்."

மாமிக்குப் படம் எடுக்கத்தான் விருப்பம் என்று நினைத்தேன்.

அந்தப் படம் இப்போதும் அம்மா வீட்டுச் சுவரில் இருக்கிறது. தட்டு நல்ல சிவப்பு. முன்னால் நான், பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறேன்.

ஆறு பேர்.