பதினான்காம் கேள்விக்கும் பதினைந்தாம் கேள்விக்கும் நடுவில்

மணியை அழுத்தியதும் லோர்னா இரண்டடி பின்னால் போய், உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, தெருவைப் பார்த்தபடி நிற்பாள். கதவுக்கு நேராக நிற்பது ஜப்திக்காரர்களும் மதம் பரப்ப வருகிறவர்களும் செய்கிற காரியம். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி நகரில் பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகக் கருத்துக்கணிப்பு எடுக்கும் அவளுக்கு இந்த நாசூக்குதான் சோறு போட்டது.

இந்தத் தடவை குழந்தைகளின் இணையப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மக்களின் கருத்து தேவைப்பட்டது. ஒரு தெருவுக்கு இன்னின்ன வயதில் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு; அன்றைய தெருவில் நாற்பது வயதுக்குட்பட்ட தாய் ஒருத்தி மட்டும் பாக்கி. ஐந்து மணிக்குள் கிடைக்காவிட்டால் அந்தத் தெருவில் எடுத்த பேட்டிகள் எதுவுமே செல்லாது. ஏற்கெனவே இரண்டு தெருக்கள் அப்படிப் போயிருந்தன. மூன்றாவதும் போனால் இனி வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்.

கெல்சி என்ற இளம் தாய் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். லோர்னா கையடக்கக் கணினியைப் பார்த்து வாசித்தாள். பதினான்காம் கேள்வி: குழந்தைகளைச் சீரழிப்பவர்களைப் பிடிக்க, கைபேசியில் வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பப்படும் செய்திகளையும் செயலி நிறுவனங்கள் சோதிக்க வேண்டுமா?

"இதெல்லாம் ஒரு கேள்வியா? கண்டிப்பா. அவனுங்கள விடக்கூடாது."

பதினைந்து: உங்கள் செய்திகளையும் சோதிக்கலாமா?

"என்னோடதையா? எங்க மாமியாரப் பத்தி நானும் என் தங்கச்சியும் பேசுறத எவனோ உக்காந்து படிக்கவா?"

காலையிலிருந்து பதினொரு வீடுகளும் இதையேதான் சொல்லியிருந்தன. நாடு ஒருமனதாகத்தான் இருந்தது, இரண்டு பக்கமும்.

கெல்சி நெற்றியைச் சுருக்கினாள். "இருங்க, ரெண்டும் ஒண்ணுதானா?"

"அத நான் சொல்லக்கூடாது கண்ணு. விளக்கம் குடுத்தா என் வேல போயிடும்."

"யாருக்குத் தெரியப்போகுது? நீங்க, நான், பல்லு முளைக்காத இவன். அவ்வளவுதான்."

பத்தொன்பது வருஷமாக விழுங்கிய விளக்கங்கள் எல்லாம் லோர்னாவின் தொண்டையில் வந்து நின்றன. "ஒண்ணுதான். அவனுங்க பூட்ட மட்டும் உடைக்க வழி கிடையாது. உடைச்சா எல்லார் பூட்டும்தான் போகும்."

"அப்ப நான் என்ன சொல்றது?"

"அது உன் இஷ்டம்."

வெகுநேரம் யோசித்த கெல்சி, இரண்டுக்கும் 'தெரியவில்லை' என்றாள். அந்தத் தெருவிலேயே யோசித்துச் சொல்லப்பட்ட பதில் அது ஒன்றுதான். அறிக்கை எழுதுகிறவர்கள் 'தெரியவில்லை'யைக் கழித்துவிட்டுத்தான் சதவீதம் போடுவார்கள்.

ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. நடுநிலை தவறியதற்காக லோர்னா நீக்கப்படுகிறாளாம். கெல்சிதான் போட்டுக்கொடுத்தாள் என்று நினைத்து, பல மாதங்கள் அவளைக் கடைத்தெருவில் கண்டாலே எதிர்ப்புறம் போய்விடுவாள்.

கெல்சி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தரங்கம் பற்றிய அந்தப் பேட்டிகளில் பேசியதை எல்லாம், லோர்னா கையில் வைத்திருந்த கணினியே ஒலிப்பதிவு செய்து மேற்பார்வையாளருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.